முழு மதிப்புக்கும் போடச் சொன்ன வண்டி

கண்ணு,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. நீ இருக்கிற பெர்ன்ஹில்லில் இருந்து இங்கே குன்னூருக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை என் முகத்துக்காகச் செலவழிக்க உனக்கு மனமில்லை, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிவிட்டாய். உறையின் மேல் ‘திரு’ போட்டு, இனிஷியலோடு என் பெயரை எழுதி, பின்கோடு வரைக்கும் தப்பில்லாமல் எழுதியிருக்கிறாய். பாலிசி முடியப்போகிறவர்களுக்கு நான் நினைவூட்டல் அனுப்பும்போது இப்படித்தான் எழுதுவேன். உன் அம்மா பத்திரிகையை வாங்கி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று பார்த்தாள். தடவியிருந்தது. அவளுக்கு அது போதும். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, “ஏனுங்க, உங்க பேரும் போட்டிருக்கானுங்க” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவன் பெயரைப் பத்திரிகையில் போட்டதை ஒரு உபகாரம் போலச் சொல்லும்படி ஆகிவிட்டது. கோபப்பட்டு என்ன செய்ய, அப்படி ஆக்கியவன் நான்தானே.

இதை நீ தனியாகப் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற ரெஜினாவிடமும் கொடு. அவள் வீட்டார் படித்தாலும் சரி, உன் வண்டியைக் கட்டிய சார்லஸ் தன் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டிவைத்தாலும் சரி. மூடி மூடி வைத்துத்தான் இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறேன், இனி மூடுவதற்கு என்ன இருக்கிறது. கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குப் புத்தி சொல்லி எழுதுவது அப்பன்மார் வழக்கம். என்னிடம் புத்தி இல்லை, செய்த காரியம்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். உனக்கு வேண்டியதை அதிலிருந்து நீயே எடுத்துக்கொள்.

இருபத்தெட்டு வருடம் வாகன இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பீரோ. லாரிக்காரர், ஜீப்காரர், தேயிலை ஃபேக்டரி முதலாளி, எல்லோரும் அந்த மேஜைக்கு வந்தவர்கள்தான். விண்ணப்பத்தில் கேள்விகள் பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். நானும் படிக்க விடமாட்டேன். “கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க” என்பேன். மழை வருகிறது, பஸ் போய்விடும் என்று அவர்களும் போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு நான் உட்கார்ந்து அச்சடித்த மாதிரி எழுத்தில் நிரப்புவேன். வண்டியில் மாற்றம் செய்தது உண்டா, இல்லை. முன்பு விபத்து உண்டா, இல்லை. மேலிருந்து கீழே வரைக்கும் ‘இல்லை’ என்று ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போவேன். ‘உண்டு’ என்று எழுதினால் ஆபீசில் இருந்து கேள்வி வரும், கடிதம் வரும், வேலை இழுக்கும். இதை ஒரு திறமை என்று நினைத்திருந்தேன். கம்பெனிக் கூட்டத்தில் என் விண்ணப்பங்கள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று மைக்கில் சொல்லி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது இப்போதும் நம் ஊட்டுச் சுவரில் ஓடுகிறது.

அந்த ‘இல்லை’யை நான் மேஜையில் கற்றுக்கொள்ளவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே கற்றுக்கொண்டேன். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் உன் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கோயம்புத்தூரில் காட்டினோம், ஒரு பெல்ட்டும் பூட்ஸும் கொடுத்தார்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘உடல் குறைபாடு ஏதேனும் உண்டா’ என்று ஒரு கட்டம் இருந்தது. உன் அம்மா பக்கத்தில் நின்று, “எழுதிருங்க, டீச்சருக்குத் தெரியோணும்” என்றாள். நான் அவளை வெளியே போய் நிற்கச் சொன்னேன். ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதாமல் விட்டால் ஒரு நாள் சரியாகிவிடும் என்பதைப்போல ஒரு மடத்தனம். எழுதிவிட்டால் பேர் நிலைத்துவிடும், ஊர் முழுக்க ‘அந்த நொண்டிப் பையன் அப்பா’ என்று என்னைச் சொல்வார்கள் என்ற பயம். உன்னைச் சொல்வார்களே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, பார். என்னைச் சொல்வார்கள் என்றுதான் தோன்றியது.

அதனால் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். உன் வகுப்பு மாடியில். விளையாட்டு வாத்தியார் புதிதாக வந்தவர், உன்னையும் ஓட விட்டார். நீ பாதியில் நின்றபோது நடிக்கிறாய் என்று இன்னொரு சுற்று ஓடச் சொன்னார். இரண்டு முட்டியும் தோல் உரிந்து வந்து நின்றாய். என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு, “படியில உளுந்துட்டனுங்கப்பா” என்றாய். ஆறு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. நான் அதை நம்புகிற மாதிரி நடித்தேன். மற்ற பையன்கள் அரைக்கால் சட்டை போட்ட வயதில் உனக்கு மட்டும் முழுக்கால் சட்டை தைத்தேன், இடது காலுக்கு உள்ளே ஒரு துணி மடிப்பு வைக்கச் சொல்லி டெய்லரிடம் தனியாகக் கூலி கொடுத்தேன். குளிர் ஊர் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உறவுக்காரக் கல்யாணங்களில் போட்டோ எடுக்கும்போது உன்னை நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். நம் ஊட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பார், உன் இடுப்புக்குக் கீழே ஒரு போட்டோவும் கிடையாது. பிறகு ஜாதகத்தோடு போகிற பயோடேட்டாவிலும் அதே வேலையைச் செய்தேன். பெண் வீட்டார் அன்னூரில் இருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். நீ படி இறங்கி வருவதைப் பார்த்தார்கள். ஊற்றிய டீயைக் குடிக்காமல் எழுந்துபோனார்கள். மனுசங்களா அவங்க என்று நான் அன்று முழுவதும் கத்திக்கொண்டிருந்தேன். நீ ஆறிப்போன டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டே, “எழுதியிருந்தா அவிங்க டீசல் செலவாவது மிச்சமாயிருக்குமுங்க” என்றாய். கேலியாகத்தான் சொன்னாய். நான் சிரிக்கவில்லை, திட்டினேன்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். பசுந்தேயிலை எடை போடும் ஷெட்டுகளில் இருக்கிற எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்க்கிற வேலை உனக்கு. கோத்தகிரியில் ஒரு ஷெட், மஞ்சூரில் ஒரு ஷெட், பைக்காராவுக்கு அந்தப் பக்கம் ஒன்று. சோதித்துப் பார்க்கிற எடைக்கற்களைச் சுமந்துகொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாய். ஒரு நாளைக்கு இரண்டு ஷெட் பார்த்தால் பெரிசு. மூன்று வருடம் காசு சேர்த்து ஒரு புல்லட் வாங்கி, ஊட்டியில் சார்லஸ் ஒர்க்‌ஷாப்பில் போட்டாய். எட்டு மாதம் அவனும் நீயுமாக அதை வேறு வண்டியாக்கினீர்கள். இடது காலால் போட வேண்டிய கியரைக் கைப்பிடிக்கு மாற்றினீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கியர் ஏறும், சிவப்பை அழுத்தினால் இறங்கும், அதற்கு ஒரு சின்ன மோட்டார். சீட்டைத் தாழ்த்தினீர்கள். வண்டி நிற்கும்போது கால் ஊன்ற வேண்டாம் என்பதற்காக இடது பக்கம் ஒரு சைடுகார், அதற்குள் எடைக்கற்களுக்கு அளவெடுத்த அறை. வண்டி விலையைவிட இரண்டு மடங்கு அதன் மேல் செய்த வேலைக்கே ஆயிற்று. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு டாக்டர் சர்டிபிகேட்டோடு நீயே போய், மாற்றத்தை எல்லாம் ஆர்.சி.யில் ஏற்றி வாங்கினாய். யாரையும் பிடிக்கவில்லை, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. சட்டப்படி ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்தாய். இன்சூரன்ஸ் போட நான் ஒருவன்தான் பாக்கி.

அன்றைக்கு என் மேஜைக்கு ஒரு ஃபைலோடு வந்தாய். நான்கு பக்கத்துக்கு ஒரு பட்டியல். மோட்டார், சைடுகார், வெல்டிங் கூலி, வயரிங், ஒவ்வொன்றுக்கும் நேராக விலை, பின்னால் பில். புது ஆர்.சி. நகல் மேலே குத்தியிருந்தது. “அப்பா, முழு மதிப்புக்கும் போடோணுமுங்க. வெறும் புல்லட் வெலைக்குப் போட்டா இது போனா என்னால மறுக்கா கட்ட முடியாதுங்க. பிரீமியம் எவ்வளவு ஆனாலும் நான் கட்டிக்கறேன்” என்றாய். அதில் உன் பிழைப்பே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஃபைலைப் புரட்டினேன். பட்டியலின் முதல் வரியே, ‘இடது கால் செயலிழந்தவர் ஓட்டுவதற்காக மாற்றி அமைக்கப்பட்ட வாகனம்’ என்று இருந்தது. உன் கையெழுத்து என் கையெழுத்தைவிட அழகு. “போட்டுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்” என்று வெற்று விண்ணப்பத்தை நீட்டினேன். போட்டாய். “ஒரு தடவ படிச்சுட்டுப் போடட்டுங்களா” என்று கேட்டாய். “அப்பனையே சந்தேகப்படறயா” என்றேன். நீ சிரித்துவிட்டு எழுந்து போனாய்.

நீ போன பிறகு அந்தக் கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டியில் மாற்றம் உண்டா. மாற்றுத்திறனாளிக்காக அமைக்கப்பட்டதா. ஒன்றைக் கேட்டுக்கொள், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதினால் பிரீமியத்தில் தள்ளுபடியே உண்டு. வெலிங்டனில் ஒரு கடைக்காரருக்கு, அரவங்காட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு, நானே அந்தத் தள்ளுபடியை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ‘இதிலென்னங்க வெட்கம், உங்க உரிமை’ என்று அவர்களுக்குப் பிரசங்கம் செய்தவன். உன் விண்ணப்பம் எங்கள் கிளை ஆபீசுக்குப் போனால் ஐந்து பேர் கை மாறும். ஐந்து பேருக்கும் என்னைத் தெரியும். என் பையன் எலக்ட்ரானிக்ஸ் லைனில் இருக்கிறான் என்று பத்து வருடமாக அவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். ஒருவரையும் ஒரு விசேஷத்துக்குக்கூட வீட்டுக்கு அழைத்ததில்லை. அந்த ஐந்து பேர் என் மகன் காலைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினேன். புது ஆர்.சி. நகலைப் பிரித்தெடுத்துவிட்டு, நீ வண்டி வாங்கின புதிதில் கொடுத்திருந்த பழைய நகலைக் குத்தினேன். வெறும் புல்லட் விலைக்கு பாலிசி போட்டேன். பிரீமியத்தை நானே கட்டினேன், உன்னிடம் வாங்கவில்லை. அப்பா பாசத்தில் கட்டினார் என்று அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாயாம். போலீஸ் கேட்டால் காட்ட ஒரு சின்னச் சர்டிபிகேட்டை உன்னிடம் கொடுத்தேன், பாலிசியை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நம் ஊட்டில் எல்லோருடைய பாலிசியும் அந்த பீரோவில்தான் என்பதால் நீயும் கேட்கவில்லை.

பத்து மாதம் அந்த வண்டியில் ராஜா மாதிரி சுற்றினாய். ஒரு முறை நான் கூடலூர் போகிற வழியில் பைக்காராவில் பஸ் நின்றது. டூரிஸ்டுகள் உன் வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டி, காலைக் காட்டி, இதனால்தான் இந்தப் பொத்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தாய். அவர்கள் கை தட்டினார்கள். என் பக்கத்து சீட்டுக்காரர், “பெரிய ஆளுங்க, யாரோ” என்றார். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். என் பையன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அந்த மழைக்காலம். கோத்தகிரிப் பக்கம் ஷெட்டுக்குள் நீ தராசைப் பிரித்துப் போட்டிருந்தாய். பட்டப்பகல், காற்று. வெளியே நின்றிருந்த வண்டி மேல் கற்பூர மரம் வேரோடு சாய்ந்தது. உனக்கு ஒரு கீறல் இல்லை என்று உன் அம்மா காரமடைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். வண்டி அப்பளம். நீ போனில் கலங்கவே இல்லை. “பரவாயில்லீங்கப்பா, முழு மதிப்புக்கும் போட்டிருக்கறமல்ல” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அப்போதாவது உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படியாவது ஆபீசில் பேசிச் சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் ஓட்டினேன்.

சேதத்தை மதிப்பிடுகிற கம்பெனி சர்வேயர் கோயம்புத்தூரில் இருந்து வந்தார். சார்லஸ் ஒர்க்‌ஷாப்பில் நீ, நான், சார்லஸ், அவர். நொறுங்கிக் கிடந்ததைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆர்.சி.யை வாங்கிப் படித்தார், கைப்பேசியில் விண்ணப்பத்தைத் திறந்தார். “ஏனுங்க, ஆர்.சி.ல எல்லாம் ஏத்தியிருக்கு. விண்ணப்பத்துல மாற்றம் இல்லைன்னு இருக்குது, மாற்றுத்திறனாளி வண்டியும் இல்லைன்னு இருக்குது. கீழ உங்க கையெழுத்து. ஏன் மறைச்சீங்க” என்று உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை. அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்கிற பார்வை. நான் சொன்னேன். “பையன் எங்கிட்டச் சொல்லலீங்க. பழைய ஆர்.சி. நகலத்தான் குடுத்தான்” என்று சொன்னேன். என் ஏஜென்சி போய்விடும், சுவர்க்கடிகாரம் கொடுத்தவர்கள் என்னை என்ன நினைப்பார்கள், இவ்வளவுதான் அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது. சார்லஸ் ஸ்பேனரைக் கீழே போட்டான். உன் சட்டைப்பையில் கைப்பேசி இருந்தது. அதில் அந்த நான்கு பக்கப் பட்டியலின் படம் இருந்தது, என் மேஜையில் வைத்தே எடுத்தாய், எனக்குத் தெரியும். எடுத்துக் காட்டியிருந்தால் அங்கேயே நான் முடிந்திருப்பேன். நீ எடுக்கவில்லை. “ஆமாங்க, நாந்தான் சொல்லலீங்க” என்றாய். முட்டி உரிந்து வந்த அன்றைக்குச் சொன்ன அதே குரல். என்னைக் காப்பாற்றினாய். உண்மையைச் சொல்கிறேன் கண்ணு, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று என்னை அடித்திருந்தால்கூட நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கம்பெனிக் கடிதம் வந்தது. முக்கியமான விவரங்களை வேண்டுமென்றே மறைத்த காரணத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று. மறைத்தவர் என்ற இடத்தில் உன் பெயர். வாழ்க்கையில் எதையும் மறைக்காதவன் நீ ஒருவன்தான், உன் பெயரை அங்கே போட்டார்கள். நீ அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உன் துணிமணியை எடுத்துக்கொண்டு, “வாறேனுங்கம்மா” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு பெர்ன்ஹில்லுக்குப் போனாய். மறுபடியும் எடைக்கற்களைச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து பஸ் ஏறுகிறாய் என்று கேள்விப்பட்டேன். தூரத்து ஷெட்டுகள் எல்லாம் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. எனக்கு ஏஜென்சி தங்கியது. மேஜை தங்கியது. ஒரு வருடம் அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களிடம் எல்லாம் கேள்விகளைச் சத்தமாகப் படித்துக் காட்டி நிரப்பினேன். ‘என்னங்க, வயசாயிருச்சா, இவ்வளவு நேரம் எடுக்கறீங்க’ என்று அலுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் ரெஜினா நம் ஊட்டுக்கு வந்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஃபேக்டரி ஆபீசில் வேலை முடித்து அப்படியே வந்திருந்தாள். உன் அம்மா காபி கொடுத்தாள். அந்தப் பெண் சுற்றி வளைக்கவில்லை. “அங்கிள், அவர் உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். சார்லஸ் அண்ணன்தான் நடந்ததச் சொன்னார். நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க” என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் புரியாதும்மா, சின்ன வயசிலிருந்து அவனை நாங்கள் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்தோம் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எங்க ஃபேக்டரிக்குத் தராசு பாக்க வந்த மொத நாளே கால் எப்படி ஆச்சுன்னு நான் கேட்டேன் அங்கிள். சொன்னார். அஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்புறம் தராசப் பத்திப் பேசுனோம்” என்றாள். ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கக்கூடிய ஒரு விஷயத்தை நான் முப்பது வருடம் பொத்தி வைத்து, அதற்காக உன் முட்டி, உன் வண்டி, உன் பேர் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன். அவள் காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனாள்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒவ்வொரு எழுத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டவன், என் மேஜையில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டாய். அப்பன் என்பதாலா. இனி எந்த மேஜையிலும் அதைச் செய்யாதே, நான் உட்கார்ந்திருந்தாலும் செய்யாதே, ரெஜினா உட்கார்ந்திருந்தாலும் செய்யாதே. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறக்கும். அதற்கு எது இருந்தாலும் எது இல்லாவிட்டாலும் கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடு. இன்னொன்று. பெற்றவர்களைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லாதே, உன் பிள்ளையையும் உனக்காகச் சொல்ல விடாதே. நீ அன்று எனக்காகச் சொன்ன பொய்யை நான் ஒரு வருடம் தின்றுகொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று எழுதலாமென்று பேனாவை வைத்துப் பார்த்தேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு வரவில்லை. நீ மன்னிக்காவிட்டால் அது நியாயம்தான்.

இன்று காலை ஒரு வேலை செய்தேன். மேஜை இழுப்பறையின் அடியில் உன் நான்கு பக்கப் பட்டியலும் பில்லும் புது ஆர்.சி. நகலும் அப்படியே இருந்தன. கிழித்துப் போடாமல் ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவற்றோடு சேர்த்துக் கம்பெனிக்கு ஒரு வாக்குமூலம் எழுதினேன். விண்ணப்பதாரர் எல்லா விவரங்களையும் எழுத்தில் என்னிடம் ஒப்படைத்தார், முழு மதிப்புக்கும் பாலிசி கேட்டார், வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கித் தவறாக நிரப்பியதும், பழைய நகலை வைத்ததும், சர்வேயரிடம் பொய் சொன்னதும் ஏஜென்டாகிய நான் என்று எழுதினேன். ஏஜென்சி ரத்தாகும், அதில் சந்தேகமே இல்லை. வழக்குப் போட்டாலும் போடுவார்கள். வண்டிக்குப் பணம் வருமா என்றால் அதை என்னால் சொல்ல முடியாது, வராமலும் போகலாம். ஆனால் மறைத்தவர் என்ற இடத்தில் இனி உன் பெயர் இருக்காது. அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வருவேன். எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன். போட்டோ எடுக்கும்போது உன் முன்னால் நாற்காலி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்.

அந்த வாக்குமூலத்தைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எழுதிய ஒன்றை உன் அம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் நின்று, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘என் மகனின் உடல்நிலை காரணமாக வாகனத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டன’ என்ற இடத்தில் விரல் நின்றது. “ஏனுங்க, உடல்நிலைன்னா என்னன்னு நெனைப்பாங்க? இங்கயும் கால எழுதாம உட்டுட்டீங்களே” என்றாள். அப்போதுதான் நான் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதிய தாளிலும் அந்த ஒன்றை என் கை எழுதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்திலேயே நின்றாள், இந்தத் தடவை நான் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. ‘உடல்நிலை’ என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே, ‘இரண்டு வயதில் போலியோவால் இடது கால் செயலிழந்தது’ என்று எழுதினேன். பாலிசித் தாளில் அடித்தல் திருத்தல் வந்தால், திருத்திய இடத்துக்குப் பக்கத்தில் திருத்தியவன் கையெழுத்து வைக்க வேண்டும், அது விதி. என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.